மரம் ஏறுகிற பிள்ளைக்குப் பந்து பிடிக்க வரவில்லை: ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள பளியர் பழங்குடிக் குடியிருப்பில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். போன மாதம் கல்லூரி மாணவர்கள் சிலர் வந்து, பந்து எறிதல், பிடித்தல், குதித்தல் என்று டெஸ்ட் வைத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ‘உடலியக்க வளர்ச்சியில் பின்தங்கல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே பிள்ளைகள்தான் புளியமரத்தில் சரசரவென்று ஏறுகிறார்கள். “எம்புள்ள மந்தமா டீச்சர்?” என்று தாய்மார் கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. 15 மாதக் குழந்தை ஒன்று இன்னும் நடக்கவில்லை. அம்மா இலவந்தோப்பு வேலைக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் பாட்டி பொறுப்பில் தூளியில்தான் கிடக்கிறது. முற்றத்தில் அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? இன்னொரு பையனுக்கு நான்கு வயது. தொடையில் கையூன்றித்தான் தரையிலிருந்து எழுவான். சோம்பேறி என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பையனிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. உட்கார்ந்த பிள்ளை எழுவதற்குக் குப்புறத் திரும்பி, பிட்டத்தைத் தூக்கி, கையை முதலில் முழங்காலிலும் பிறகு தொடையிலும் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதுபோல எழுந்தால், இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளில் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். அது சோம்பல் இல்லை. அவனுடைய கெண்டைக்கால் வயதுக்கு மீறிப் பருத்துக் கெட்டியாக இருக்கிறதா, படியேறக் கைப்பிடி தேடுகிறானா, குதிக்கச் சொன்னால் இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்புகிறதா, அடிக்கடி விழுகிறானா என்று பாருங்கள். தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். வைட்டமின் டி குறைவதால் வரும் ரிக்கெட்ஸாகவோ தைராய்டு குறைவாகவோ கூட இருக்கலாம். இவை இரண்டும் மருந்துக்குக் கட்டுப்படுபவை. சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று பெரும்பாலும் காட்டிவிடும்.

அவனைத் தரையில் சம்மணமிட்டு உட்காரவைத்து, எழச் சொல்லி, பக்கவாட்டில் நின்று செல்போனில் இருபது நொடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பயந்து அம்மா மடியை விட்டு இறங்காத பிள்ளை எழுவதை டாக்டர் பார்க்க முடியாது. அந்த வீடியோவில் பார்த்துவிடுவார். பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். அடுத்த வருகை வரை காத்திராமல் இந்த வாரமே அவர்களுக்குப் போன் செய்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். தாயிடம் நோயின் பெயரெல்லாம் சொல்ல வேண்டாம். “கால் பலத்த டாக்டர் ஒரு தடவ பாக்கட்டும்” என்றால் போதும். கேலியை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இனி அந்த டெஸ்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் வரிசையைப் பார்த்தால் டி.ஜி.எம்.டி. வகை என்று தெரிகிறது. ஓட்டம், தாண்டல், பந்து எறிதல் போன்ற பெரிய உடலசைவுத் திறன்களை அளக்கும் டெஸ்ட் அது. அமெரிக்காவில் டேல் உல்ரிக் என்பவர் வகுத்து 1985இல் வெளியிட்டது, பிறகு திருத்தப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பில் 12 திறன்கள் உண்டு. ஓடுதல், நொண்டுதல், தாண்டுதல் என்று ஆறு, பந்து சார்ந்தவை ஆறு. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்த மதிப்பெண் பட்டியலே செல்லாது. உங்கள் இரண்டு வயதுக்காரர்களுக்கும் வைத்திருந்தால் அந்த வரிகளை அப்படியே அடித்துவிடலாம்.

பந்து சார்ந்த ஆறில் ஒன்று, இடுப்புயரக் கம்பின்மேல் வைத்த பந்தை மட்டையால் அடிப்பது. அது பேஸ்பால் ஆடும் ஊரின் பழக்கம். இன்னொன்று, ஒரு கையால் பந்தைத் தரையில் தட்டித் தட்டி எழுப்புவது. அதற்குக் கெட்டியான சமதரையும் காற்றடைத்த பந்தும் வேண்டும். சரளைக்கல் முற்றத்தில் தட்டிய பந்து நேராக எழும்பாமல் கண்டபடி ஓடும். அந்த 12இல் ஏறுதல் இல்லை. சரிவில் இறங்குதல் இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்வது, தலையில் சுமந்து நடப்பது, குச்சியால் கிழங்கு தோண்டுவது எதுவும் இல்லை. ஒப்பிடும் சராசரியும் அமெரிக்கப் பிள்ளைகளுடையது. தாள் தப்பு என்று சொல்லவில்லை. பந்துத் திறனை அது ஒழுங்காக அளக்கும். பந்தையே பார்க்காத பிள்ளைக்குப் பந்து வரவில்லை என்ற முடிவை ‘வளர்ச்சியில் பின்தங்கல்’ என்று எழுதியதுதான் தப்பு.

உங்கள் ஐந்து வயதுக்காரர் ஒருவர் புளியமரம் ஏறுவதைக் கிட்டே நின்று பாருங்கள். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று பிடி எப்போதும் மரத்தில் இருக்கும், நான்காவது மட்டும் நகரும். கால் கட்டைவிரல் பட்டையின் வெடிப்பில் மடங்கிப் பிடிக்கும். புதுக் கிளையில் முழு எடையைப் போடுவதற்கு முன் பாதத்தால் ஒருமுறை அழுத்திப் பார்க்கும். அடுத்த பிடியைக் கண் முன்கூட்டியே தேடும். தோள் பலம், இடுப்புக் கட்டுப்பாடு, எடையை மாற்றும் நேர்த்தி, அடுத்த அசைவைத் திட்டமிடுதல் என்று உடலியக்கப் பயிற்சி கொடுக்கும் எங்கள் துறையில் தனித்தனியாகப் பழக்கும் நான்கும் அதில் ஒன்றாக நடக்கின்றன.

வாழும் இடம் உடம்பை எப்படிப் பழக்குகிறது என்பது வேறு பழங்குடிகளிடமும் பார்க்கப்பட்டிருக்கிறது. பராகுவே நாட்டுக் காடுகளில் வாழ்ந்த ஆச்சே மக்களின் குழந்தைகள் இரண்டு வயதை நெருங்கும்போதுதான் தனியாக நடந்தன என்று 1987இல் பதிவானது. காட்டுத் தரை ஆபத்தானது என்பதால் தாய்மார் கைக்கெட்டும் தூரத்தை விட்டு விடுவதில்லை. அதே பிள்ளைகள் எட்டு, பத்து வயதில் உயரமான மரங்களில் ஏறினார்கள். கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குவார்கள். 1976இல் வெளிவந்த ஆய்வில், அந்தக் குழந்தைகள் அந்த இரண்டிலும்தான் அமெரிக்கக் குழந்தைகளை முந்தினார்கள், பழக்காத தவழ்தலில் முந்தவில்லை. எது பழகுகிறதோ அதுதான் முந்துகிறது. ஒரு திறனை வைத்து மொத்தப் பிள்ளையை எடைபோட முடியாது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, ‘மலைப் பிள்ளைகள் இயற்கையோடு வாழ்கிறார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மலைக்குள் இருந்த குடும்பம் அடிவாரத்துத் தொகுப்பு வீட்டுக்கு வந்தபின் சரிவும் பாறையும் ஓடையும் தினசரி வாழ்விலிருந்து போய்விட்டன. பதிலுக்கு வந்தவை சிமெண்ட் தெரு, ஓர் அறை, டிவி, செல்போன். விறகுக்கும் கிழங்குக்கும் தேனுக்கும் போன பெரியவர்கள் பின்னாலேயே போய்ப் பழகிய பிள்ளை, இப்போது வேன் ஏறிக் கூலிக்குப் போகும் அம்மாவின் பின்னால் போக முடியாது. பழைய பயிற்சி நின்றுவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பந்து, கத்தரிக்கோல், கிரேயான், பூங்கா எதுவும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைகள் இவர்கள். மரம் ஏறுகிற உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு புளியமரம் இன்னும் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பழக்கம் இல்லாததால் வராததையும் உடம்பில் குறை இருப்பதால் வராததையும் எப்படிப் பிரிப்பது? கற்றுக்கொடுத்துவிட்டுப் பாருங்கள். வராத திறன் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, பழகிய முற்றத்தில், அவர்கள் வீட்டுப் பேச்சில் சொல்லி, நீங்களே இருமுறை செய்து காட்டி, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள், நான்கு வாரம் விளையாட்டாகவே பழக்குங்கள். முதல் நாளும் கடைசி நாளும் குறித்துவையுங்கள். ஒற்றைக்காலில் நிற்பதை எடுத்துக்கொண்டால் மூன்று வயதில் இரண்டு மூன்று நொடி, நான்கில் ஐந்து நொடி, ஐந்தில் எட்டு முதல் பத்து நொடி என்பது தோராயக் கணக்கு. நான்கு வாரத்தில் கண்ணுக்குத் தெரிய முன்னேறினால் அது பழக்கக் குறைவு. கொஞ்சமும் அசையவில்லை என்றால் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

நான்கு வாரம்கூடக் காத்திராமல் அனுப்ப வேண்டியவர்கள் உண்டு. 9 மாதம் தாண்டியும் பிடிமானமில்லாமல் உட்காராத குழந்தை. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டி, மற்றக் கையை மூடியே வைத்திருக்கும் குழந்தை. தூக்கினால் கால் கத்தரிபோல் பின்னிக்கொள்வது, அல்லது உடம்பு துணிபோலத் துவள்வது. எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது. எல்லாவற்றையும்விட முக்கியம், நேற்று வரை செய்ததை இன்று செய்ய முடியாமல் போவது.

இதோடு ரத்தசோகையையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருக்கிற பிள்ளை ஓடுவதற்குப் பதில் உட்காரும், அதையும் மந்தம் என்று எழுதிவிடுவார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் உங்களிடம் வருகிறது. காலையில் வரக்காப்பி குடித்த கையோடு அதைக் கொடுத்தால் பாதி வீண். காப்பிக்கும் சிரப்புக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கூட ஒரு நெல்லிக்காய்த் துண்டு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். ஆண்டுக்கு இருமுறை கொடுக்கும் குடற்புழு மாத்திரை, அல்பெண்டசோல், ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேலே முழு மாத்திரை. சிறு பிள்ளைகளுக்கு நொறுக்கித் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். பந்து பிடிக்கத் திணறும் பிள்ளைக்குக் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள்.

15 மாதக் குழந்தை விஷயம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிகிறது. 15 மாதத்தில் நடக்காதது அந்த எல்லைக்குள்தான். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறதா, சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்கிறதா, இரண்டு கையையும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறதா? மூன்றும் ஆம் என்றால் 18 மாதம் வரை பொறுங்கள். ஒன்று இல்லையென்றாலும் இப்போதே அனுப்புங்கள்.

தூளியைக் குற்றவாளியாக்க வேண்டாம். அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியினர் குழந்தையைத் தொட்டில் பலகையில் கட்டி வளர்ப்பார்கள். அப்படிக் கட்டிய குழந்தைகளும் கட்டாத குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் நடந்தன என்று 1940இல் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைகளை நடக்கும் வயது வரை பகலெல்லாம் கட்டிவைத்திருக்கவில்லை. உங்கள் குழந்தையின் கணக்கு வேறு. நடை பழகும் குழந்தை சும்மா விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறது, 17 முறை விழுகிறது என்று நியூயார்க்கில் எண்ணிப் பார்த்து 2012இல் எழுதியிருக்கிறார்கள். காலை ஏழு முதல் மாலை மூன்று வரை தூளியில் கிடந்தால் அந்த அடிகளும் விழுதல்களும் எங்கே நடக்கும்?

பாட்டி தூளியில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. அடுப்பு தரையில் இருக்கும், தேள் வரும், பாட்டிக்கு முழங்கால் வலி இருக்கும். “தூளில போடாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தால் நாளையும் அதேதான் நடக்கும். தூங்க மட்டும் தூளி என்று பேசி முடிவு செய்யுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இருபது இருபது நிமிடமாக ஐந்து தடவை தரையில். அடுப்புப் பக்கம் போகாதபடி ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு மறித்து, அந்தப் பெஞ்சையே பிடித்து நடக்கவும் விடலாம். பெஞ்சின் உயரம் குழந்தையின் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் வரட்டும். வழவழப்பான தரையில் சாக்கு விரித்து ஓரங்களைக் கல்லால் அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் வழுக்கித் தவழாது. இடுப்பில் தூக்கும்போது கால்கள் இருபக்கமும் அகன்றிருப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லது. கால்களை நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றுவதுதான் கெடுதல்.

உட்காரவைத்து உருட்டும் வாக்கர் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். நுனிக்காலால் உந்துவதைத்தான் அது பழக்கும். படியிலிருந்தும் அடுப்பருகிலும் உருண்டு நடந்த விபத்துகளால் கனடா 2004இல் அதற்குத் தடையே விதித்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி வேறு. குழந்தை தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு அதைத் தள்ளுகிறது. சிமெண்ட் தரையில் அது முந்தி ஓடிக் குழந்தையைக் குப்புறத் தள்ளும். சக்கரத்தில் சணல் சுற்றுங்கள், அல்லது மண் முற்றத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

முற்றத்துக்கு முதலில் ஒரு மண்மேடு போடுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் தேறும் என்றால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். ஒரு டிராக்டர் செம்மண்ணை 3 மீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்து, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். ஒரு பக்கம் சரிவு மெதுவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கட்டும். அருகம்புல் நட்டால் ஐப்பசி மழையில் கரையாது. சரிவில் ஏறி இறங்கும் கணுக்காலுக்குச் சமதரையில் கிடைக்காத வேலை கிடைக்கும்.

அடுத்தது, படுக்கவைத்து மேலே நடந்து பழக ஒரு மரத்துண்டு. 2 மீட்டர் நீளம், 15 முதல் 20 செ.மீ. குறுக்களவு. அடிப்பாகம் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் உருளும். பட்டையைச் சீவிவிடுங்கள், பட்டைக்கடியில்தான் தேள் குடியிருக்கும். தென்னந்துண்டு வேண்டாம், வெயிலில் நார் பிரிந்து பாதத்தில் சிலாம்பு ஏறும். வேம்பு நல்லது. காப்புக்காட்டிலிருந்து எடுக்காதீர்கள், ஊரில் விழுந்த மரமாகக் கேட்டு வாங்குங்கள்.

பழைய டயரைப் பாதி புதைத்தால் தாண்டவும் ஊர்ந்து நுழையவும் ஆகும். தேய்ந்த டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், விரலால் தடவாமல் துணியால் துடைத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் அந்த டயரைத் தள்ளிவிடுங்கள். உட்பள்ளத்தை மண்ணால் நிரப்பாவிட்டால் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளரும். கயிறு தொங்கவிடுவதானால் 25 மி.மீ. தேங்காய் நார்க் கயிறு, 30 செ.மீ.க்கு ஒரு முடிச்சு, கீழே 20 செ.மீ. ஆழத்துக்கு மணல். நைலான் உள்ளங்கையை உரித்துவிடும். நுனியில் வளையம் போடவே கூடாது, கழுத்து மாட்டும். நார்க்கயிறு ஒரு மழைக்காலத்தில் மக்கும், ஆண்டுதோறும் மாற்றுங்கள். நீங்கள் தொங்கிப் பார்த்த பிறகே பிள்ளைகள். சித்திரை வெயிலில் பத்து மணிக்குமேல் சிமெண்ட் தரை கால் பொசுக்கும், அதற்குள் வெளி விளையாட்டை முடியுங்கள். செருப்பில்லாமல் ஆடுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். கர்நாடகத்தில் 2,300 பிள்ளைகளின் பாதத் தடத்தைப் பார்த்து 1992இல் வெளியான ஆய்வில், செருப்பு, ஷூ போட்டவர்களில் 8.6 சதவீதமும் வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதமும் தட்டைப்பாதம். கழிப்பறைக்கும் ஈரமண்ணுக்கும் மட்டும் செருப்பு கட்டாயம், கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் ஏறும்.

பந்தும் வேண்டும். பள்ளியில் சேர்ந்ததும் அதை வைத்துத்தான் இவர்களை எடைபோடுவார்கள். பழைய சேலைக்குள் இலவம்பஞ்சு அடைத்து 20 செ.மீ. பந்து தைத்தால் இடித்தாலும் வலிக்காது. பிடிக்க வராத பிள்ளை பெரும்பாலும் பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முதலில் எதிரெதிரே காலை விரித்து உட்கார்ந்து உருட்டுங்கள், பிறகு ஒரு மீட்டரில் நின்று நெஞ்சுக்கு நேராக மெதுவாகப் போடுங்கள், தூரத்தைப் பிறகு கூட்டலாம்.

விரல் வேலைக்கு, கிரேயானை 3 செ.மீ. துண்டாக ஒடித்துக் கொடுங்கள். நீளமாக இருந்தால் முஷ்டியால் பிடிக்கும், துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். சுவரில் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு ஒரு மீட்டர் உயரத்துக்குக் கரும்பலகை பெயிண்ட் அடித்தால், நின்றுகொண்டு வரையும்போது மணிக்கட்டும் தோளும் சேர்ந்து பலப்படும். கோலமாவைக் கிள்ளி விடுவதும் அதே மூன்று விரல் வேலைதான். கத்தரிக்கோலுக்கு முதலில் 2 செ.மீ. அகலத் தென்னங்கீற்று, ஒரே வெட்டில் துண்டாகும்படி. கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். புளி சீசனில் நார் உரிப்பதும் கொட்டை எடுப்பதும் அருமையான விரல் பழக்கம், பத்து நிமிட விளையாட்டாக இருக்கும் வரை. படிக்கணக்கில் கூலிக்கு உட்காரவைக்கும் வீடு இருந்தால் பேசி நிறுத்துங்கள். மூன்று வயதுக்குக் கீழ் புளியங்கொட்டையைக் கையில் கொடுக்கக் கூடாது.

தாய்மாருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வாயால் சொல்வதைவிட ஒரு நாள் மாலை அவர்களை முற்றத்துக்கு வரச்சொல்லி, பிள்ளை மரத்துண்டில் நடப்பதையும் பந்து பிடிக்கப் பழகுவதையும் பார்க்கவிடுங்கள். “ஒங்க புள்ளைக்கு இது வருது, இத இன்னும் யாரும் காட்டித் தரல, நான் காட்டுறேன்” என்று சொல்லுங்கள். அந்தப் பெண்கள் கிழங்குக் கொடியைப் பார்த்தே எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள், பிள்ளைகளையும் மலைமேட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டச் சொல்லி மாதம் ஒரு நாள் வையுங்கள்.

மாணவர்கள் கொடுத்த தாளைக் கிழித்துவிட வேண்டாம். அதன் பின்னால் ஒரு பக்கம் ஒட்டி, டெஸ்ட் நடந்த நாள், நேரம், தரை எப்படி இருந்தது, எந்த அளவுப் பந்து, எந்த மொழியில் சொன்னார்கள், முன்னால் எத்தனை தடவை செய்து காட்டினார்கள், பிள்ளை அதற்கு முன் பந்தைத் தொட்டதுண்டா என்று எழுதுங்கள். கீழே உங்கள் நான்கு வாரக் குறிப்பு. ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையோடு இதன் நகலையும் ஆசிரியரிடம் நேரில் கொடுத்துவிடுங்கள்.